மூன்றாவது வரியில் ஓர் எழுத்து

இதை நான் இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் கணவர். ஒருவர் டாக்டர். மூன்றாமவர், இதில் பாதியைத் தானும் அனுபவித்தவர். மூவரில் யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. டாக்டர் மட்டும் மாத்திரையை மாற்றி எழுதினார்.

பேய் என்றால் ராத்திரி, மழை, மின்வெட்டு என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். தொடங்கியது 2 மணி 7 நிமிடம். முடிந்தது 3 மணி 41 நிமிடம். நேரத்தை எல்லாம் என் வேலைக் குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றால் காட்டுகிறேன்.

நான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் டேட்டாபேஸ் பார்க்கிறவள். அவசர எண்ணுக்கு யாராவது கூப்பிட்டால், கூப்பிடுகிறவரின் முகவரி ஆபரேட்டர் திரையில் தானாக வந்து விழும். அந்த முகவரிகள் எல்லாம் இருக்கும் இடம் என் பொறுப்பு. அதற்கு இரண்டு சர்வர்கள். முதல் சர்வர் எங்கள் கட்டடத்தில், இரண்டாவது மாடியில். இரண்டாவது சர்வர் ஆறு கிலோமீட்டர் தள்ளி, பழைய ஆவணக் கட்டடத்தின் அடித்தளத்தில். முதலாவது விழுந்தால் இரண்டாவது ஒரு நிமிடத்துக்குள் எழுந்து வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பாதை, அதாவது அது எங்கே இருக்கிறது என்று குறிக்கும் வரி, இரண்டு சர்வரிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து, ஓர் இடைவெளி மாறினாலும் போச்சு. இரண்டாவது சர்வர் எழுந்திருக்கும். தன் கோப்புகளைத் தேடும். கிடைக்காது. மறுபடி படுத்துவிடும்.

போன வருடம் அப்படித்தான் படுத்துவிட்டது. விடியற்காலை 3 மணிக்கு நான் தூக்கக் கலக்கத்தில் ஒரு பாதையைத் தட்டினேன். நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. ஒன்பது நாள் கழித்து முதல் சர்வர் நின்றபோது, இரண்டாவது எழவில்லை. ஆபரேட்டர்களின் திரைகள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. அந்த நேரத்தில் ஒரு பெண் கூப்பிட்டார். தையல் கடை வைத்திருந்தவர். வீட்டில் தனியாக இருந்தார். மூச்சு வாங்கியதால் முகவரியை முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணை நடந்தது. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி முடித்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையும் போகவில்லை.

அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ மரத்துப்போனது. அழுகை வரவில்லை. தூக்கம் கெடவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடியதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் கை பட்டு, தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தேன். என் மகளுக்குப் பதினாறு வயது. "அம்மா, நீ சிரிக்கிற இடத்துல சரியா சிரிக்கிற. ஆனா சிரிப்பு வரலைல்ல?" என்றாள். கெட்டிக்காரி.

விசாரணைக் குழு இரண்டு விதிகள் போட்டிருந்தது. ஒன்று, இந்த மாதிரி வேலையை இனி பகலில்தான் செய்ய வேண்டும். இரண்டு, ஒரே ஆள் இரண்டு சர்வரையும் தொடக்கூடாது. ஒவ்வொரு சர்வர் முன்னாலும் ஒருவர் உட்கார்ந்து, போனில் ஒருவருக்கொருவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

சர்வர்களின் பழைய ஹார்டு டிஸ்க்குகள் நிரம்பிவிட்டன. புதிய சேமிப்புப் பெட்டிகள் வாங்கினார்கள், இரண்டு பக்கத்துக்கும். கோப்புகளை அவற்றுக்கு மாற்றி, புதிய பாதைகளைப் பதிய வேண்டும். இதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கொக்கு.

கொக்கு என்பது பட்டப்பெயர். ஆள் ஆறடி மூன்று அங்குலம். அதில் பாதிக்கு மேல் கால்தான். அவன் வாய் ஓயாது. போனை எடுத்தாலே, "அக்கா, பாதாளத்திலேர்ந்து பேசுறேன், மேல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஆரம்பிப்பான். அடித்தளத்தில் செல்போன் எடுக்காது. சுவரில் மாட்டிய இண்டர்காம்தான் வழி. அந்த அறையின் இண்டர்காம் எண் 42.

காலையிலேயே நான் ஒரு தாளில் புதிய பாதைகளைக் கையால் எழுதி வைத்துக்கொண்டேன். மொத்தம் நான்கு வரிகள். தாள் என் மேஜையில்தான் இருந்தது. அதை வேறு யாரும் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2.07. இண்டர்காமில் 42 அடித்தேன்.

மணி அடிக்கவே இல்லை. அதற்குள் எடுத்தாயிற்று.

"சொல்லுங்க."

கொக்கின் குரல்தான். எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை.

"வந்துட்டியா? நேரத்துக்கு வந்துட்டியே, அதிசயம்தான்" என்றேன்.

"இங்கதான் இருக்கேன்."

பாதாளமும் இல்லை, சௌக்கியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதில் கடுப்பு போல என்று நினைத்துக்கொண்டேன்.

2.11. கீழே கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன். பதினான்கு ஆபரேட்டர்களும் திரையை விட்டுவிட்டு நோட்டுக்கு மாறினார்கள். இனி நான் முடிக்கும் வரை, வரும் ஒவ்வோர் அழைப்பையும் கேட்டுக் கேட்டுக் கையால்தான் எழுத வேண்டும். கூப்பிடுகிறவர்களுக்குப் பேச்சு வர வேண்டும். முகவரி சொல்லத் தெரிய வேண்டும். அதனால் எனக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

2.19. முதல் வரியைப் படித்தேன். அவன் திருப்பிப் படித்தான். இரண்டாவது வரி. அவன் திருப்பிப் படித்தான். தட்டச்சுச் சத்தம் கேட்டது. டக்… டக்… டக்… ஒவ்வோர் எழுத்தாக. கொக்கு பத்து விரலாலும் அடிப்பவன். இது ஒற்றை விரல்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது.

சர்வர் அறை என்றால் மின்விசிறிகளின் இரைச்சல் காதைப் பிய்க்கும். என் அறையில் நான் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமும் அதே அளவு இரைச்சல் இருக்க வேண்டும். வழக்கமாக இருக்கும்.

இன்று அவன் குரலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஊர் அடங்கிய நேரத்தில் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

"கொக்கு, ஃபேன் எல்லாம் ஓடுதா?"

"ஓடுது."

"சத்தமே காணோமே?"

திரையில் பார்த்தேன். இரண்டாவது சர்வர் உயிரோடு இருப்பதாகப் பச்சை விளக்கு காட்டியது. சூடும் சரியான அளவில் இருந்தது. சரி, போன்தான் பழசு என்று விட்டுவிட்டேன்.

2.26. மூன்றாவது வரி. படிக்க வாயைத் திறந்தேன்.

"மூணாவது வரில ஓர் எழுத்து குறையுது."

நான் இன்னும் படிக்கவில்லை.

"என்ன சொன்ன?"

"உங்க தாள்ல. மூணாவது வரி. கடைசி எழுத்து."

தாளைப் பார்த்தேன். 'கால்ஸ்' என்று இருக்க வேண்டிய ஃபோல்டரை 'கால்' என்று எழுதியிருந்தேன். கடைசி 'எஸ்' இல்லை. முதல் சர்வரில் 'கால்ஸ்' என்றே இருந்தது. தாளில் இருந்தபடி படித்திருந்தால், இரண்டாவதில் அவன் 'கால்' என்று உருவாக்கியிருப்பான்.

மறுபடியும். அதே தப்பு. என் கையால்.

கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிந்தது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் மனசு அசையவில்லை. யாரோ ஒருத்தியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திருத்துங்க."

பேனாவை எடுத்துத் திருத்தினேன். அந்தப் பக்கம் ஒற்றை விரல் தட்டியது. டக்… டக்… டக்… டக்… டக்.

ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. சரியாக இருந்தது.

2.31. கோப்புகள் நகர ஆரம்பித்தன. திரையில் ஒரு சதவீதம்… இரண்டு… போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. கொக்கோடு இருபது நிமிடம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

2.52. ஸ்பீக்கரில் ஒரு சத்தம்.

உஸ்ஸ்ஸ்ஸ்…

குக்கர் விசில் போல ஆரம்பித்தது. நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது.

"கொக்கு! என்ன சத்தம் அது?"

"காத்து."

"என்ன காத்து? ஏசியா?"

"காத்துதான். எனக்கு ஒண்ணும் ஆகாது."

மூன்று நிமிடம். பிறகு நின்றது.

2.58. நாற்பத்தெட்டு சதவீதம்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"பத்து நிமிஷம்" என்றேன். உண்மையில் இன்னும் அதிகம் ஆகும். சும்மா சொன்னேன்.

"அப்பவும் அப்படித்தான் சொன்னாங்க."

"யாரு?"

…

"கொக்கு? யாரு சொன்னாங்க?"

…

என் செல்போன் மேஜையில் இருந்தது. அவன் செல்லுக்கு அடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அடித்தளத்தில் எடுக்காது. மணி போனால்…? அவன் அங்கே இல்லை என்று அர்த்தம்.

செல்லை எடுத்தேன். அவன் எண்ணைக்கூடத் தேடவில்லை.

"வேணாம்."

ஸ்பீக்கரிலிருந்து.

"வேலையை முடிங்க. காத்துக்கிட்டிருக்காங்க."

செல்லைக் கீழே வைத்தேன்.

அந்த இடத்திலிருந்து ஏன் ஓடவில்லை என்று என் கணவர் கேட்டார். கீழே பதினான்கு பேர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பயம் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்கு வந்த தபால் போல, எனக்கானதாகத் தெரியவில்லை.

3.04. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"முடியப் போகுது."

3.10. "இன்னும் எவ்வளவு நேரம்?"

"இதோ…"

3.16. மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து… இழுத்து…

"…இன்னும்…?"

3.21. நூறு சதவீதம்.

"முடிஞ்சுடுச்சு" என்றேன். மூச்சுச் சத்தம் நின்றது.

நான்காவது வரியைப் படித்தேன். திருப்பிப் படித்தாயிற்று. நான்கு பாதைகளும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பதிந்தன.

3.30. கடைசிச் சோதனை. முதல் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தினேன்.

விளக்கு சிவந்தது.

ஐந்து நொடி…

பதினைந்து…

முப்பது…

முப்பத்தெட்டாவது நொடியில் இரண்டாவது சர்வர் எழுந்தது. தேடியது. கோப்புகள் கிடைத்தன. கீழே ஆபரேட்டர்கள் திரையில் முகவரிகள் வந்தன. யாரோ கைதட்டியது மாடிப்படி வழியாகக் கேட்டது.

"எழுந்திருச்சு" என்றேன்.

"பார்த்தேன்."

முதல் சர்வரைத் திரும்ப எழுப்பி, எல்லாம் சரிபார்த்து முடித்தேன்.

3.41.

"சரி. போனை வை. கிளம்பு."

"நீங்க வைங்க."

"நீ வை."

அந்த வீட்டுக்குள் இருப்பது போன்ற அமைதி.

"என்னால வைக்க முடியாது."

இந்த முறை அது கொக்கின் குரலாக இல்லை.

நான் வைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தூங்கினேன். நம்புவீர்களோ இல்லையோ, நன்றாகவே தூங்கினேன்.

திங்கள் காலை 9.20. கொக்கு என் மேஜைக்கு வந்தான். முகத்தில் சிரிப்பு.

"என்னக்கா, பாதாள வேலை எப்ப வச்சிருக்கீங்க? இந்த வாரமா, அடுத்த வாரமா?"

நான் அவனையே பார்த்தேன்.

"நேத்து நீ எங்க இருந்த?"

"மாமியார் வீட்ல. நீங்கதானே சனிக்கிழமை கூப்பிட்டு, நாளைக்கு வேலை இல்ல, வராதன்னு சொன்னீங்க?"

"நான் கூப்பிடலை."

"விளையாடாதீங்கக்கா. சாயங்காலம் 6.40. நான் கிளம்புற நேரம். மேஜை இண்டர்காம்ல கூப்பிட்டீங்க. உங்க குரல் எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவை சொன்னீங்க, 'நாளைக்கு அந்த ரூமுக்கு வராத'ன்னு."

சனிக்கிழமை 6.40க்கு நான் மகளோடு பல் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ரசீது இருக்கிறது.

"எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சு?"

கொக்கு யோசித்தான். சிரிப்பு மெல்ல இறங்கியது.

"42. நீங்க அங்க ஏதோ வேலையா போயிருக்கீங்கன்னு நினைச்சேன்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவணக் கட்டடத்துக் காவலாளி போன் செய்தார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குச் சுற்றி வந்தபோது, சர்வர் அறைக் கதவுக்கு மேலே எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். தீயை அணைக்கும் வாயுக் குழாய் தானாகத் திறந்திருக்கிறது. உள்ளே தீ இல்லை. தீயை உணரும் கருவி பழுது. எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. தீயணைப்பு ஆட்கள் வந்துதான் அறையைக் காற்றாட விட்டார்கள்.

"எத்தனை மணிக்குத் திறந்துச்சு?" என்று கேட்டேன்.

"மெஷின்ல 2.52ன்னு காட்டுதும்மா. நல்லவேளை, வெள்ளிக்கிழமையிலேர்ந்து அதுவரைக்கும் கதவை யாரும் திறக்கலை. உள்ள ஆள் இருந்திருந்தா மூணு நிமிஷம் தாங்கியிருக்காதுன்னாங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கொக்கு அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, தண்ணி" என்றான்.

இரண்டாவது சர்வரின் பதிவேட்டைப் பார்த்தோம். 'கால்ஸ்' ஃபோல்டர் உருவான நேரம் ஞாயிறு 2.26. உருவாக்கியது அந்த அறையில், அந்தச் சர்வரோடு இணைந்த விசைப்பலகையிலிருந்து. பயனர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. அப்படி வெற்றாக இருக்கவே முடியாது.

கொக்கு அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த வாயுக் குழாய்களை மொத்தமாகக் கழற்றிவிட்டு வேறு வகை வைத்தார்கள். பதினோரு நாள் கழித்து முதல் சர்வர் உண்மையாகவே விழுந்தது. நாற்பது நொடியில் இரண்டாவது எழுந்தது. அந்த நேரத்தில் வந்த ஏழு அழைப்புகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு வருடத்தில் முதல் முறை. மகள் கதவைத் தட்டவில்லை. வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

இதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

எங்கள் மையத்தில் இண்டர்காம் உட்பட எல்லாப் பேச்சும் பதிவாகும். ஒலிப்பதிவுப் பிரிவில் ஒரே ஒருவர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். அவரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை பேச்சைக் கேட்டேன்.

தேடினார். "42லேர்ந்து அன்னைக்கு ஒண்ணும் இல்ல மேடம்."

"என் போன்லேர்ந்து பாருங்க."

"உங்க லைன் 2.07லேர்ந்து 3.41 வரைக்கும் பிஸி. எதோட இணைஞ்சிருந்துச்சுன்னு பார்க்கிறேன், இருங்க."

ஏதோ தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

என் லைன் இணைந்திருந்தது ஓர் அழைப்போடு. அழைப்பின் தேதி, போன வருடம். அழைத்தவரின் எண்ணுக்குப் பக்கத்தில் முகவரி இல்லை.

"இது அந்த… தையல்காரம்மா அழைப்பு" என்றார் மெதுவாக. "விசாரணைக்கு நான்தானே நகல் எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் 19 நிமிஷம் 22 நொடி. அவங்க கடைசி வரைக்கும் போனை வைக்கலை. நாங்கதான் இந்தப் பக்கம் துண்டிச்சோம். முடிஞ்ச நேரத்தை என் கையால குறிச்சேன்."

'முடிந்த நேரம்' என்ற கட்டத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

பக்கத்தில் 'நீளம்' என்ற கட்டம். அதில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

காதுக்கருவியை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரும் மாட்டிக்கொள்ளவில்லை.

"துண்டிச்சுடட்டுமா மேடம்?"

"வேணாம்" என்றேன்.

போன வாரம்கூட இருவரும் போய்ப் பார்த்தோம்.

இன்னும் ஓடுகிறது.